மைக்கில் சொன்ன பூரண சுகம்

எனக்கு வந்த நோயைப் பற்றி எழுத உட்கார்ந்தால், முதல் சங்கடமே அது வந்த இடம்தான். உட்கார்ந்தால் என்பதே பொய். ஒருக்களித்துப் படுத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். டாக்டர்கள் பிட்டம் என்கிறார்கள். ராஜபாளையத்தில் அதற்கு உள்ள சொல்லை வாயால் தாராளமாகச் சொல்வோம், தாளில் பார்த்தால் உறுத்தும். அதனால் உட்காருமிடம் என்று வைத்துக்கொள்கிறேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். வெட்கமும் கௌரவமும் பார்த்து நான் கெடுத்துக்கொண்டது போதும். எனக்குச் செய்த ரத்தக்குழாய் வைத்தியத்தைச் செய்துகொண்டு வீடு திரும்பிய யாராவது ஒருவர் இதைப் படித்துவிட்டு, கால் இழுத்த அன்றே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினால் சரி.

என் பெயர் சாம்ராஜ். பேண்டேஜ் துணி நெய்யும் ஆலையில் முப்பது வருடத்துக்கு மேல் ஃபிட்டர். தறி நின்றால் என்னைக் கூப்பிடுவார்கள், நான் கத்திக்கொண்டே போய்ச் சரிசெய்வேன். கோபக்காரன் என்று பெயர், பொய்யான பெயர் இல்லை. மனைவி ரோஸ்லின், பிறந்தது ஸ்ரீவில்லிபுத்தூர். ஒரே மகள் பெனிட்டா கிருஷ்ணன்கோவிலில் கல்லூரி லேபில் வேலை பார்க்கிறாள். அங்கேயே தோழிகளோடு தங்கியிருந்து சனிக்கிழமை வீட்டுக்கு வருவாள்.

போன வருடம் எனக்குச் சிறுநீர் சரியாகப் போகவில்லை. அறுபத்தொரு வயதில் ஆணுக்கு வருவதுதானே என்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ஸ்கேன் எடுக்கப் போனோம். அங்கே இருந்த பெண் டாக்டர் அடிவயிற்றில் ஜெல்லைத் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தவர், வலது பக்கம் ஓரிடத்தில் கருவியை அழுத்தி நிறுத்திவிட்டார். முகமே மாறிவிட்டது. மெஷினைப் பிரிக்கும்போது எதிர்பாராத இடத்தில் பழுது இருந்தால் என் முகமும் அப்படித்தான் போகும். 

"சார், பிராஸ்டேட் கொஞ்சம் பெருசா இருக்கு. அது மாத்திரையில சரியாகும். ஆனா பக்கத்துல ஒரு ரத்தக்குழாய் வீங்கியிருக்கு. அதத்தான் முதல்ல பாக்கணும். பீடி, சிகரெட்டு உண்டா?"

"இருந்துச்சு" என்றேன். அன்று காலையில் குடித்ததும் இருந்ததில்தானே சேர்த்தி.

வயிற்றிலிருந்து இறங்குகிற பெரிய ரத்தக்குழாய் தொப்புள் பக்கத்தில் இரண்டாகப் பிரிந்து காலுக்கு ஒன்றாகப் போகிறது. போகிற வழியில் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கிளை பிரிந்து இடுப்பெலும்புக்கூட்டுக்குள் இறங்குகிறது. மலக்குடலின் கடைசிப் பகுதி, சிறுநீர்ப்பை, உட்காருமிடத்துச் சதை, காலுக்குப் போகிற பெரிய நரம்பு எல்லாவற்றுக்கும் ரத்தம் கொடுப்பதில் அந்தக் கிளைக்குத்தான் பெரும் பங்கு. எனக்கு வலது பக்கம் அந்தப் பிரிவிலேயே குழாய்ச் சுவர் நைந்து புடைத்திருந்தது. அனியூரிசம் என்கிறார்கள். ஆலையில் கம்ப்ரசர் ஹோஸ் பழசானால் ஓரிடத்தில் இப்படித்தான் புடைக்கும், அது எப்போது வெடிக்கும் என்று எவனாலும் சொல்ல முடியாது. டாக்டர் படம் போட்டு விளக்க ஆரம்பித்தார். எனக்கு விளக்கமே வேண்டியிருக்கவில்லை.

மதுரையில் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். வயிற்றைக் கிழிக்க வேண்டாம், தொடையிடுக்கில் ஊசித்துளை போட்டு அதன் வழியாகவே எல்லாம் செய்துவிடலாம் என்றார் அங்கிருந்த ரத்தக்குழாய் டாக்டர். பொறுமையான மனிதர்.

"புடைப்புக்குள்ள ரத்தம் போகாம இருக்க, துணி போர்த்துன கம்பிக்குழாய உள்ள வெச்சிருவோம். அந்தக் கிளைய மட்டும் மெல்லிய கம்பிச் சுருள் போட்டு அடைக்கணும்."

"அடச்சா அந்தப் பக்கத்துக்கு ரத்தம் எங்கிட்டு இருந்து போகும் டாக்டர்?"

"இடது பக்கக் கிளை இருக்குல்ல, அது கொடுக்கும். உங்களுக்கு இடது பக்கமும் கொஞ்சம் சுருங்கித்தான் இருக்கு. அதனால நடந்தா வலிக்கலாம். நெறைய பேருக்கு வர்றதுதான், கொஞ்ச மாசத்துல குறையும். ரொம்ப அபூர்வமா தோல் மரத்துப்போய்க் கறுக்கும், பாதத்தத் தூக்க வராது, மலத்துல ரத்தம் போகும். இதுல எது வந்தாலும் ஒரு நாள்கூட நிக்காம இங்க வந்துரணும்."

பெனிட்டா அந்த மூன்றையும் ஃபைலின் பின்பக்கம் எழுதி அடிக்கோடு போட்டாள். நான் கையெழுத்துப் போட்டேன். அபூர்வம் என்று காதில் விழுந்ததும், அது நமக்கு இல்லை என்று மனசு முடிவுகட்டிவிடுகிறது. எனக்கு அப்படித்தான் ஆனது.

வைத்தியம் நன்றாகவே நடந்தது. அதைச் சொல்லிவிட வேண்டும். நாலாம் நாள் என் காலில் நடந்து வீட்டுக்கு வந்தேன். வெடிக்க இருந்த குழாய் இனி வெடிக்காது. அங்கேயே நின்றிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே இல்லை.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய ஆபத்திலிருந்து தப்பினவர்கள் ஞாயிறு ஆராதனையில் முன்னால் போய், மைக்கைப் பிடித்து, ஆண்டவர் செய்த நன்மையைச் சொல்ல வேண்டும். சாட்சி சொல்வது என்போம். எனக்காகச் சபையார் மூன்று நாள் ஆள் மாற்றி ஆள் உபவாசம் இருந்திருந்தார்கள். நன்றி சொல்ல வேண்டியது என் கடமை. நாலு வாக்கியம் சொல்லிவிட்டு இறங்கியிருக்கலாம். ஆனால் மைக் கையில் வந்தால் எனக்குத் தலைகால் புரியாது.

புடைத்த ஹோஸிலிருந்து ஆரம்பித்தேன். ஜனங்கள் 'ஸ்தோத்திரம்' என்றார்கள். துணி போர்த்திய கம்பிக்குழாயைச் சொன்னேன். 'அல்லேலூயா' என்றார்கள். எனக்கு ஏறிவிட்டது. "இப்ப ஒரு வலி இல்ல, ஒரு குறை இல்ல. பூரண சுகம்! பாக்குறீகளா?" என்று கேட்டுவிட்டு, எல்லார் முன்னாலும் குத்தவைத்து உட்கார்ந்து எழுந்தேன். ஒன்று. இரண்டு. மூன்று. சபையே கைதட்டியது. பெண்கள் பக்கத்தில் ரோஸ்லின் மட்டும் போதும் வாங்க என்று கையைக் காட்டிக்கொண்டிருந்தாள். மூன்றாவது தடவை எழும்போது வலது பக்கம் சுருக்கென்றது. நான் சிரித்தபடியே இறங்கினேன்.

மறுநாள் டீக்கடைக்கு நடந்தேன். ஐம்பது அடி போவதற்குள் உட்காருமிடத்தில் யாரோ இடுக்கியால் பிடித்து முறுக்குகிற வலி. நின்றால் விட்டுவிடும், நடந்தால் பிடிக்கும். டாக்டர் சொன்னதுதான், குறையும் என்று இருந்தேன். அந்த வாரம் பெனிட்டாவுக்குத் தேர்வு வேலை, வீட்டுக்கு வரவில்லை. போனில் கேட்டபோது, நல்லா இருக்கேன் தாயி என்றேன்.

அடுத்த திங்கட்கிழமை கொல்லைக்குப் போய்விட்டுத் திரும்பினேன். ரோஸ்லின் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வலது கால் செருப்பு எங்க?"

குனிந்து பார்த்தேன். வெறுங்கால். செருப்பு ஏழெட்டு அடி பின்னால் கிடந்தது. கழன்றது எனக்குத் தெரியவே இல்லை. பாதத்தை மேலே தூக்கிப் பார்த்தேன், வரவில்லை. விரல் தரையைத் தேய்த்துக்கொண்டு வந்தது. உட்காருமிடத்தைத் தொட்டால் தலையணையைத் தொடுகிற மாதிரி, எனக்குச் சொந்தமில்லாத மாதிரி இருந்தது.

"பெனிட்டா எழுதி வெச்சிருக்கால்லா? பாதத்தத் தூக்க வரலன்னா வரச் சொன்னாகல்லா? வாங்க, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போன் போடுவோம்" என்றாள்.

"ஏட்டி, ஒனக்கு மூள இருக்கா? முந்தின ஞாயித்துக்கெழம மைக்குல என்ன சொன்னேன்? பூரண சுகம்னு சொல்லி உக்காந்து எந்திரிச்சுக் காட்டிட்டு, ஒரே வாரத்துல ஆஸ்பத்திரில போய்ப் படுத்தா என்ன சொல்லுவாக? சாம்ராஜ் பொய்ச்சாட்சி சொன்னாம்பாக. ஆண்டவர் பேருக்கே இழுக்கு."

"ஆண்டவருக்கு ஒண்ணும் இழுக்கு வராது. உங்களுக்குத்தான் வரும்."

சரியாகத்தான் சொன்னாள். அதனால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. வெளியே மூச்சு விட்டால் நடக்கிறதே வேறு என்று கத்தினேன். பெனிட்டாவிடம் சொல்லக் கூடாது என்றேன். மாத்திரைகளை மட்டும் நேரம் தவறாமல் விழுங்கினேன். அந்த அளவு முட்டாளில்லை என்று எனக்கே ஒரு திருப்தி.

மறுநாளிலிருந்து ஒத்தடம். ரத்தம் கட்டியிருக்கும், சூடு கொடுத்தால் இளகும் என்று நானே வைத்தியம் சொன்னேன். கல்லுப்பை இரும்புச் சட்டியில் வறுத்து, ஆலையிலிருந்து கொண்டுவந்த கழிவுத் துணியில் மூட்டை கட்டி, காலையும் சாயங்காலமும் ரோஸ்லின் வைத்தாள். நான் குப்புறப் படுத்திருந்தேன்.

"என் கையே பொறுக்க மாட்டேங்குதுங்க. உங்களுக்குச் சுடலையா?"

"ஒண்ணும் தெரியல. வை."

"செத்த நேரம் ஆறட்டும்."

"ஆறுனா அது ஒத்தடமாட்டி? இன்னும் வறுத்துக் கொண்டா."

அவள் வேண்டாம் என்றாள். நான் அதட்டினேன். இந்தப் பேச்சு ஒரு நாளில்லை, நாலு நாள் நடந்தது. வைத்த கைக்குப் பொறுக்காத சூடு படுத்திருந்தவனுக்குத் தெரியவில்லை என்றால், அதைவிட என்ன எச்சரிக்கை வேண்டும்? மூன்றாம் நாள் தோல் உரிந்து நீர் கோத்திருக்கிறது என்றாள். நல்லது, கெட்ட நீர் வெளியேறுகிறது என்றேன். அதற்கு நடுவில் சபைப் பெண்கள் இரண்டு பேர் வந்து, சேத்தூரில் நடக்கும் ஜெபக்கூட்டத்தில் அதே சாட்சியைச் சொல்ல வேண்டும் என்று கேட்டார்கள். ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தபடி, கண்டிப்பாக வருகிறேன் என்றேன். அவர்கள் போகும்வரை எழுந்திருக்கவில்லை. எழுந்தால் கால் இழுப்பது தெரிந்துவிடுமே.

வெள்ளிக்கிழமை குளிர்காய்ச்சல் வந்தது. சனிக்கிழமை பெனிட்டா வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "என்னம்மா இந்த வாட?" என்று கேட்டாள்.  பெனிட்டா உள்ளே வந்து போர்வையை விலக்கிப் பார்த்தாள்.  உடனே போனை எடுத்தாள். கால் மணி நேரத்தில் வண்டி வந்தது.

பக்கத்தில் என்பதால் முதலில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனோம். சர்ஜன் கையுறை போட்டுக்கொண்டு பார்த்தார். வலது பக்கம் நடுவில் கறுப்பு, சுற்றிலும் சிவப்பு என்று நர்ஸிடம் சொன்னார்.

"எப்ப இருந்து இப்பிடி?"

"நேத்து சாயங்காலத்துல இருந்துதான் டாக்டர்."

"எண்ணெ, பத்து, சூடு, ஏதாச்சும் வெச்சீங்களா?"

"ஒண்ணும் வைக்கல."

ரோஸ்லின் என் முகத்தைப் பார்த்தாள். நான் பார்க்காததுபோல இருந்தேன். மகள் நிற்கிறாள், நர்ஸ் நிற்கிறாள், ஒரு ஃபிட்டர் தன் உடம்பைத் தானே வேகவைத்துக்கொண்டான் என்று எப்படிச் சொல்வது என்று தோன்றியது. சர்ஜன் நான் சொன்னதை அப்படியே எழுதினார்: நேற்று மாலை தொடங்கியது, ஒரே நாளில் பரவியது. அந்தத் தாளோடு ஆம்புலன்ஸில் மதுரைக்கு அனுப்பினார்.

மதுரையில் தாளைப் படித்ததும் எல்லாரும் வேகமாக நடக்க ஆரம்பித்தார்கள். பழைய டாக்டரும் வந்தார், இன்னொரு சர்ஜனும் வந்தார். என்னைக் குப்புறப் போட்டிருந்ததால் அவர்கள் முகம் தெரியவில்லை. பேச்சு மட்டும் கேட்டது. புது சர்ஜன் பெனிட்டாவிடம் சொன்னார்:

"ஒரே நாள்ல இவ்வளவு தூரம் போயிருக்குன்னா இது சதையத் தின்னுக்கிட்டே போற கிருமியா இருக்கலாம்மா. மணிக்கணக்குல மேல ஏறும். காத்திருக்க முடியாது. உள்ள தொறந்து பாப்போம். ஏறியிருந்துச்சுன்னா உயிரக் காப்பாத்த, காலை இடுப்போட எடுக்க வேண்டி வரும். அதுக்கும் சேத்துக் கையெழுத்து வேணும்."

இடுப்போடு. அந்தச் சொல் காதில் விழுந்தது. காய்ச்சலில் கிடந்தாலும் நினைவு தெளிவாகத்தான் இருந்தது. ஒரே நாள் என்பது நான் சொன்ன பொய் என்றும், அந்தப் பொய்யை நம்பித்தான் என் காலை எடுக்கப் பேசுகிறார்கள் என்றும் எனக்குத் தெரியும். வாயைத் திறந்தால் போதும். திறக்கவில்லை. ஏனென்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. பொய்யைச் சொல்வதற்கு ஒரு நொடிதான் ஆனது, அதைத் திரும்ப எடுக்க நாக்கு எழும்பவில்லை.  பெனிட்டா பேனாவை வாங்கிவிட்டாள். அவள் அழுகிற சத்தம் கேட்டது.

"நேத்து இல்ல டாக்டர்."

ரோஸ்லின் குரல். ஆலைத் தெருவில் தண்ணீர் லாரிக்குக்கூடச் சத்தம் போடாதவள், அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரிப் பேசினாள்.

"கால் இழுக்க ஆரம்பிச்சு ஆறு நாளாச்சு. அதுக்கு முந்தின வாரமே வலி. செவ்வாக்கெழமைல இருந்து உப்பு வறுத்து ஒத்தடம் குடுத்தேன். நாந்தான் குடுத்தேன். எங்கையால தோலு வெந்துருச்சு. தயவுசெஞ்சு கால எடுத்துராதீக."

 பழைய டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டார்: எவ்வளவு சூடு, எத்தனை தடவை, தோல் எந்த நாள் உரிந்தது, கறுப்பு எந்த நாள் தெரிந்தது, நேற்றைக்கும் இன்றைக்கும் எவ்வளவு கூடியிருக்கிறது. எல்லாவற்றுக்கும் அவளிடம் பதில் இருந்தது. கறுப்பு நேற்றுப் பார்த்த அளவில்தான் இன்றும் நிற்கிறது என்றாள். இரண்டு டாக்டர்களும் ஒதுங்கிப் போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். அப்படியென்றால் இது மெதுவாக வந்தது, ரத்தம் இல்லாமல் செத்த தோலின் மேல் சூட்டுக்காயம், அதன் மேல் சீழ். செத்ததை மட்டும் வெட்டி எடுத்துவிட்டுப் பார்ப்போம், காலை விட்டுவைப்போம் என்றார்கள்.

போகிறபோது சர்ஜன் அவளைத் திட்டினார். திட்ட வேண்டியதுதான். "ரத்த ஓட்டம் இல்லாத எடத்துல சூட்ட வெச்சா வெந்துதாம்மா போகும். படிச்ச பொண்ணு வீட்டுல இருக்கு, ஒரு போன் பண்ணக் கூடாதா?"

"தப்புதான் டாக்டர்" என்றாள்.

நான் அப்போதும் வாயைத் திறக்கவில்லை. கால் தப்பியது என்ற சந்தோஷம் மட்டும்தான் இருந்தது. எவ்வளவு கேவலம்!

பன்னிரண்டு நாளில் மூன்று தடவை வெட்டினார்கள். இரண்டு உள்ளங்கை அகலத்துக்குக் குழி. கால் நின்றது, பாதம் நிற்கவில்லை. நரம்புக்கு ரத்தம் போகாமல் இருந்த நாட்கள் அதிகமாகிவிட்டன. மிச்சமிருந்த சின்னச் சின்னக் குழாய்களும் வைத்தியத்துக்குப் பிறகு அடைபட்டிருக்க வேண்டும், அபூர்வமாக இப்படி நடக்கும் என்று பழைய டாக்டர் விளக்கினார். "கால் இழுத்த அன்னைக்கே வந்திருந்தா அடைப்ப எடுக்க முயற்சி பண்ணியிருக்கலாம். சரியாயிருக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன். முயற்சி பண்ணியிருக்கலாம்."

அதற்குப் பிறகு ஏழு வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரில். புண்ணைத் தினமும் பார்க்க வேண்டும், மதுரையிலேயே கிடக்க முடியாது. ரோஸ்லினின் தங்கை செல்வி வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன மருத்துவமனை. பில்லைப் பற்றி எழுதப்போவதில்லை, கட்டினவர்களுக்குத் தெரியும். குழிக்குள் பஞ்சு வைத்து, மேலே பிளாஸ்டிக் தாளை ஒட்டி, ஒரு குழாயால் நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும் மெஷினைப் பொருத்தினார்கள். ராத்திரி பகல் உறுமும். மூன்று நாளைக்கு ஒரு தடவை அதைக் கழற்றி மாற்றுவார்கள். குழியின் நடுவில் ஒன்றும் தெரியாது, ஓரத்தில் உயிர் போகும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அம்மா அம்மா என்று கத்தியிருக்கிறேன். முப்பது வருடம் காயத்துக்குப் போடும் துணி நெய்தவன், அதை என் காயத்திலிருந்து பிய்த்து எடுக்கும்போதுதான் அது என்ன துணி என்று தெரிந்துகொண்டேன். முதல் வாரம் இழை சரியில்லை என்று நர்ஸிடம் சண்டைகூடப் போட்டேன். "ஒங்க ஆலைக்கு லெட்டர் போடுங்கப்பா" என்று சொல்லிவிட்டு அவள் பிய்த்துக்கொண்டே இருந்தாள்.

குப்புறவே கிடந்ததால் எனக்குத் தெரிந்தது தரையும் கால்களும்தான். வருகிறவர்களைக் காலை வைத்துக் கண்டுபிடித்தேன். மெட்டி போட்டு வேகமாக வருவது செல்வி, மூன்று வேளையும் கஞ்சித் தூக்கோடு வருவாள், ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. வெள்ளை கேன்வாஸ் ஷூ பெனிட்டா. வெடிப்பு விழுந்த குதிகால் ரோஸ்லின். அவள் மட்டும் தரையில் படுத்து, என் முகத்துக்கு நேர் கீழே தன் முகம் வருகிற மாதிரி நகர்ந்து, ஸ்பூனால் கஞ்சியை ஊட்டுவாள். என் மலத்தையும் மூத்திரத்தையும் எடுத்தாள். ஒரு வார்த்தை பேசமாட்டாள்.

பேசாமலிருந்ததற்குக் காரணம் இருந்தது. விஷயம் ராஜபாளையம் முழுக்கப் பரவிவிட்டது. கட்டின புருஷனை உப்பைப் போட்டு வேகவைத்தவள் என்று. பார்க்க வந்தவர்கள், நான் தூங்குகிறேன் என்று நினைத்து, என் முதுகுக்கு மேலேயே பேசினார்கள்.

"எம்புட்டு நல்லா உக்காந்து எந்திரிச்சாரு மனுசன்! பூரண சுகத்தக் குடுத்தாரு ஆண்டவரு. வீட்டுக்காரி கெடுத்துட்டா."

"ஆஸ்பத்திரிக்குப் போவோம்னு அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டாமாக்கா?"

ரோஸ்லின் அறைக்குள்ளேதான் நின்றாள். அவள் குதிகால் எனக்குத் தெரிந்தது, நகரவில்லை. பெனிட்டா இன்னும் மோசம். அம்மாவோடு பேச்சை நிறுத்திவிட்டாள். மருந்துச் சீட்டை வாங்கும்போதும் முகத்தைப் பார்ப்பதில்லை. ஒரு மத்தியானம் ரோஸ்லின், "சாப்புட்டியாம்மா?" என்று கேட்டாள். "நீங்க அப்பாவப் பாத்தது போதும், என்னைப் பாக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வெள்ளை கேன்வாஸ் வெளியே போனது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். நாளைக்குச் சொல்லலாம், புண் கொஞ்சம் ஆறட்டும் என்று நினைத்தேன். அப்படியே ஏழு வாரமும் நினைத்தேன்.

தொடையிலிருந்து தோலை எடுத்துக் குழியில் ஒட்டின பிறகு வீட்டுக்கு அனுப்பினார்கள். வலது பாதம் தொங்காமலிருக்க ஒரு பிளாஸ்டிக் பட்டை, கையில் தடி. பாதம் இனி வராது என்று சொல்லிவிட்டார்கள். உட்கார்ந்தால் ஒரு பக்கம்தான். ஆலை வேலை போயிற்று.

ஒரு மாதம் கழித்து ஆராதனைக்குப் போனேன். பாஸ்டர் என்னைக் கண்டதும், "சகோதரர் சாம்ராஜ் ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்றார். தடியை ஊன்றி முன்னால் போனேன். மைக்கை வாங்கினேன். எல்லாவற்றையும் சொன்னேன். வலி வந்ததைச் சொன்னேன், செருப்புக் கழன்றதைச் சொன்னேன். ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று அவள் கெஞ்சியதையும் நான் கத்தியதையும், கை பொறுக்கவில்லை என்று அவள் சொல்லச் சொல்ல இன்னும் வறுத்துக் கொண்டா என்று நான் அதட்டியதையும் சொன்னேன். டாக்டரிடம் பொய் சொன்னதையும் விடவில்லை. "எம்பொண்டாட்டி சொல்லலன்னா எனக்குக் கால் இல்ல. பழிய அவமேல போட்டுட்டு நான் கிடந்தேன். என்னை மன்னிச்சிருங்க" என்றேன். அழுதேன். யாரும் அல்லேலூயா சொல்லவில்லை. பெனிட்டா எழுந்துபோய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வரும்போது எனக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. சொல்லப்போனால் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இத்தனை பேர் முன்னால் எந்த ஆம்பளை இப்படி ஒத்துக்கொள்வான் என்று. ரோஸ்லின் வழக்கம்போல என்னைக் கட்டிலில் சாய்த்து, குனிந்து பாதப் பட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"இப்பத் திருப்தியாட்டி?" என்று கேட்டேன்.

அவள் பட்டையின் கடைசி வாரையும் பிரித்து, பாதத்தைத் தலையணையில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இத்தன வாரமா எம்பிள்ள எங்கூடப் பேசல. வந்தவ போனவ எல்லாம் உங்க தலைக்கு மேல நின்னு என்னைப் பேசுனாக. எல்லாரும் நீங்க தூங்குறீகன்னு நெனச்சாக. அவுக போனதும் தரையில படுத்து உங்க மொகத்தப் பாத்தது நாந்தான. நீங்க முழிச்சுக்கிட்டுத்தான இருந்தீக?"

ஆமா என்றேன்.